சாக்லேட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

ஓட்டல் சமையலறையில் இனிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் நான். கேக், டார்ட், மூஸ் என்று நான் அனுப்பும் தட்டோடு எந்த ஒயின் போகிறது என்பதைக் குடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் சாக்லேட்டையும் இனிப்பு ஒயினையும் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மேடம், திருமண நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல சிவப்பு ஒயினைத் திறந்தோம். சாப்பாட்டோடு அருமையாக இருந்தது. கடைசியில் நான் செய்த சாக்லேட் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு அதையே குடித்தால் ஒரே புளிப்பு, கசப்பு. திறந்து வைத்ததில் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒயின் கெடாது. மாறியது உங்கள் நாக்கு. இனிப்பு சாப்பிட்ட கையோடு காபி குடித்தால், சர்க்கரையே போடாதது போலத் தோன்றுமே, அதே கதைதான். சாதாரணச் சிவப்பு ஒயினில் திராட்சையின் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும். பழ வாசனை இருப்பதால் லேசாக இனிப்பது போல நமக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான். கேக்கின் சர்க்கரை நாக்கில் ஏறியதும் அந்த நினைப்பு போய்விடுகிறது. மிச்சம் நிற்பது புளிப்பும் துவர்ப்பும்.

கோகோவுக்கும் சொந்தமாகத் துவர்ப்பு உண்டு, கசப்பு உண்டு. ஒயினின் துவர்ப்பும் அதோடு சேர்ந்தால் ஈறு வரை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் கொழுப்பு. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதாவது வாய்க்குள் போன கொஞ்ச நேரத்திலேயே உருகி, நாக்கின் மேல் பூச்சாகப் படிந்துவிடும். மெல்லிய ஒயின் அந்தப் பூச்சின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதன் ருசி நாக்கில் ஏறாது.

ஆகவே சாக்லேட்டோடு வரும் ஒயின் கேக்கைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இனிக்க வேண்டும், நாக்கில் தங்கும் கனம் அதற்கு வேண்டும், கொழுப்பை அறுக்கும் வீரியமோ புளிப்போ வேண்டும். சாராயம் சேர்த்து வலுவூட்டிய இனிப்பு ஒயின்களுக்கு இதெல்லாம் செய்முறையிலேயே அமைந்துவிடுகிறது. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் போர்ட் ஒயின் செய்பவர்கள், திராட்சைச் சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுகிறார்கள். அந்த வீரியத்தில் ஈஸ்ட் செத்துவிடும். அது தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே நிற்கும், லிட்டருக்குச் சுமார் 100 கிராம். ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி வரும். சாக்லேட்டுக்கு எதிரே நின்று பேச அந்த வலு தேவை.

உங்கள் சிவப்பு ஒயினை அடுத்த முறை சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். கேக் வரும்போது வேறு கிளாஸ், வேறு பாட்டில்.

கேள்வி: போர்ட் கேட்டால் ரூபி, டானி, எல்.பி.வி., விண்டேஜ் என்று கடைக்காரர் அடுக்குகிறார். எல்லாமே சாக்லேட்டுக்குப் போகும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இனிப்பின் அளவில் அவர் சொல்வது சரி. நான்குமே கேக்குக்கு ஈடு கொடுக்கும். ஆனால் ருசியில் இவை இரண்டு வேறு குடும்பங்கள். அதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் நீங்களே இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

ரூபி போர்ட்டைப் பெரிய தொட்டிகளில், காற்று அதிகம் படாமல் வைத்து, இளமையிலேயே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். அதனால் கருஞ்சிவப்பு நிறமும் செர்ரி, பிளாக்பெரி ருசியும் மாறாமல் இருக்கும். எல்.பி.வி., அதாவது ‘லேட் பாட்டில்ட் விண்டேஜ்’, ஒரே ஆண்டின் அறுவடை. நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வைத்திருந்து அடைப்பார்கள். ரூபியின் குணம்தான், ஆனால் இன்னும் அடர்த்தி, கொஞ்சம் துவர்ப்பும் கூட. டானி வேறு வழியில் போகிறது. அது சுமார் 550 லிட்டர் பிடிக்கும் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மரத்தின் வழியே காற்று மெல்ல மெல்ல உள்ளே போகப் போக, சிவப்பு வெளுத்துச் செம்பழுப்பாகிவிடும். பழ ருசி பின்னுக்குப் போய் வறுத்த கொட்டை, கருக்கிய சர்க்கரை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் என்று வேறொரு உலகம் திறக்கும். பாட்டிலில் 10, 20, 30, 40 என்று எழுதியிருப்பது எந்த வயது டானியின் குணம் என்பதைச் சொல்வது. பல பீப்பாய்களைக் கலந்துதான் அந்தக் குணத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

என் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சாக்லேட்டுக்கு ஒயின் தேடாதே, சாக்லேட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்குத் தேடு. வெறும் சாக்லேட்டை யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. அதோடு ஒரு பழம் இருக்கும், கொட்டை இருக்கும், கேரமல் இருக்கும், காபியோ ஆரஞ்சோ இருக்கும். ஒயினுக்குக் கைகொடுப்பது அந்த இரண்டாவது ஆள்தான்.

ஹேசல்நட் டார்ட் ஒன்று செய்கிறேன். கொட்டையைத் தோல் வெடித்து உரியும் வரை வறுத்து, கருக்கிய சர்க்கரையில் போட்டு அரைத்து, அந்த விழுதை டார்ட்டின் அடியில் பரப்பி, மேலே 70 சதவீதம் கோகோ உள்ள சாக்லேட்டைச் சூடான கிரீமில் கரைத்த கனாஷ் ஊற்றுவேன். இதோடு எல்.பி.வி. குடித்தால் முதலில் சாக்லேட்டும் பழமும் கைகோக்கும். ஆனால் கொட்டை விழுது வாயில் வரும்போது ஒயினின் துவர்ப்பு அதன் மேல் ஏறி மிதித்துவிடும். வறுத்த வாசனையே தெரியாது. அதே டார்ட்டோடு 20 ஆண்டு டானியை வையுங்கள். சாக்லேட் உருகி அடங்கிய பிறகு, விழுதின் வறுத்த ருசி மேலே வரும். ஒயினிலும் அதே ருசி இருப்பதால் எது கொட்டை, எது ஒயின் என்று பிரிக்க முடியாமல் நீண்டுகொண்டே போகும். விழுங்கிய பிறகும் மூக்கின் பின்னால் அது நிற்கும்.

அதனால் செர்ரி, ராஸ்பெரி சேர்ந்த எதுவானாலும், பிளாக் ஃபாரஸ்ட் உட்பட, ரூபி அல்லது எல்.பி.வி. கொட்டை, கேரமல், காபி என்றால் டானி. வால்நட் போட்ட பிரவுனிக்கு 10 ஆண்டு டானியே நிறைவாக இருக்கும். 40 ஆண்டு டானி கைக்கு வந்தால் தயவுசெய்து அதன் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள். விண்டேஜைப் பற்றிக் கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு உணவகத்தின் பட்டியலில் சாக்லேட் மூஸுக்கு நேராக ‘பான்யுல்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். போர்ட் வகையா அது? போர்ட்டைவிட உசத்தியா?

பதில்: உசத்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூஸுக்கு நானும் அதைத்தான் எடுப்பேன்.

பான்யுல்ஸ் பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் விளைகிறது. செங்குத்தான சரிவுகளில் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள், பலகைக்கல் மண், கிரெனாஷ் திராட்சை. இங்கும் நொதித்தலைச் சாராயம் ஊற்றித்தான் நிறுத்துகிறார்கள்; அந்த வித்தையை 13-ஆம் நூற்றாண்டு மருத்துவரான அர்னோ த வில்நெவ் பெயரோடு சேர்த்துச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். போர்ட்டிலிருந்து வேறுபடுவது சாராயத்தில். போர்ட்டுக்கு ஊற்றும் 77 சதவீதச் சாராயத்தோடு தண்ணீரும் வாசனையும் வரும். இங்கே ஊற்றுவது 95 சதவீதத்துக்கு மேற்பட்ட, தனக்கென்று மணமில்லாத சாராயம். வீரியம் அதிகம் என்பதால் கொஞ்சம் ஊற்றினாலே போதும். கடைசியில் ஒயினில் ஆல்கஹால் 16, 17 சதவீதம் என்று போர்ட்டைவிடக் குறைவாக நிற்கிறது. தொண்டையில் சூடு குறைவு, திராட்சையின் குரல் கூடுதல்.

மூஸ் என்பது காற்றடித்த சாக்லேட். கரண்டியில் எடுத்தால் கனமே இருக்காது. 20 சதவீத போர்ட் அதன் மேல் விழுந்தால் மூஸ் காணாமல் போய்விடும். பான்யுல்ஸ் அதை நசுக்காது. அதிலேயே ‘ரிமாஜ்’ என்று போட்டது இளமையாக அடைத்தது; காட்டுப் பெரிகளின் ருசி. ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட வளர்த்தவை கோகோ, காபி, உலர்ந்த பிளம் பக்கம் போய்விடும். சில தோட்டங்களில் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வெளியே வெயிலிலேயே வைத்துவிடுகிறார்கள், பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் அது வாங்கிக்கொள்ளட்டும் என்று. கிடைக்கவில்லையென்றால் அதே வட்டாரத்தில், மலைக்கு உள்பக்கம் விளையும் ‘மோரி’யைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிரெனாஷ்தான்.

கேள்வி: பெத்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி ஒன்று பரிசாக வந்தது. கறுப்பாக, பாகு மாதிரி ஊற்றுகிறது. சாக்லேட் கேக்கோடு குடித்தோம். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு ஒன்றும் இல்லை, இரண்டு கனமான பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. ஷெர்ரி என்பது ஸ்பெயினின் தெற்கே செய்யும், சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயின். இதற்குப் பெத்ரோ ஹிமெனெஸ் என்ற திராட்சையைப் பறித்து, பாய்களில் பரப்பி, வெயிலில் வாடவிட்டு, உலர்திராட்சை பதத்துக்கு வந்த பிறகுதான் பிழிகிறார்கள். லிட்டருக்கு 212 கிராம் சர்க்கரைக்குக் குறையக் கூடாது என்பது ஷெர்ரி விதி. 400 கிராமை எட்டுபவையும் உண்டு. அது ஒயின் என்பதைவிட ஆல்கஹால் கலந்த உலர்திராட்சைப் பாகு என்றே சொல்லலாம். ஈரமான, வெண்ணெய் நிறைந்த கேக்குக்கு எதிரே அது மூச்சுவிட இடம் தராது.

அதைத் திரவமாக நினைக்காமல் சாஸாக நினையுங்கள். கேக்குக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் வைத்து, ஐஸ்கிரீமின் மேல் இரண்டு தேக்கரண்டி ஊற்றுங்கள். குளிர்ச்சி இனிப்பை அடக்கும், பாலாடை அதன் அடர்த்தியைத் தளர்த்தும், சூடான கேக்கோடு சேர்த்து எடுத்தால் அத்தி, பேரீச்சை, காபி எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கேக்கில் போடும் சர்க்கரையைக் குறைத்து, 80 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டில் செய்தால் நேராகவே குடிக்கலாம். கசப்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். மேலே இரண்டு கல் உப்புத் தூவினால் இன்னும் நல்லது.

ஆஸ்திரேலியாவின் ரதர்கிளென் மஸ்கட் என்ற இனிப்பு ஒயினுக்கும் இதே யோசனைதான். அதில் ரதர்கிளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு படிகள். மேலே போகப் போக அடர்த்தி கூடும். கேக்கோடு குடிக்க முதல் இரண்டு படிகளே போதும்.

கேள்வி: வெள்ளைச் சாக்லேட் சீஸ்கேக்கோடு ரூபி போர்ட் சரியாக வருமா?

பதில்: வராது. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் உண்டு, கோகோவின் கறுப்புப் பகுதி கிடையாது. கசப்பே இல்லாத இடத்தில் ரூபி முரட்டுத்தனமாகத் தெரியும். பிரான்சின் ரோன் பகுதியில் வரும் மஸ்கட் த போம் த வெனிஸ் என்ற இனிப்பு ஒயினை நன்றாகக் குளிரவைத்து ஊற்றுங்கள். பூவும் பீச்சுப் பழமும் மணக்கும். சீஸ்கேக்கில் ஆரஞ்சு சேர்ந்திருந்தால் போர்ச்சுகலின் செத்தூபல் மொஸ்கத்தெல் இன்னும் பொருந்தும்; நொதித்த பிறகும் திராட்சைத் தோலை மாதக்கணக்கில் அதிலேயே ஊறவிடுவதால் அதற்கு ஆரஞ்சுத் தோலின் கசப்பு மணம் தானாகவே வந்துவிடுகிறது.

கேள்வி: உப்புக் கேரமல் சாக்லேட் டார்ட்டுக்கு டானி வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி டார்ட்டிலேயே திகட்டிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, மதீரா. நான் மிகவும் மதிக்கும் ஒயின் அது. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அட்லாண்டிக்கின் நடுவே உள்ள மதீரா தீவில் அந்த ஒயினை வேண்டுமென்றே சுட வைக்கிறார்கள். தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி மூன்று மாதமாவது வைப்பது ஒரு முறை. நல்ல ஒயின்களைக் கூரைக்குக் கீழே, வெயில் சூடு இறங்கும் பரண்களில் பீப்பாயோடு ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது இன்னொரு முறை. அதனால் அதில் கேரமல் ருசி ஊறிப்போகிறது. ஆனால் அந்தத் தீவின் திராட்சைக்குப் புளிப்பு மிக அதிகம், சூட்டிலும் அது போவதில்லை. உங்கள் டார்ட்டுக்குத் தேவையே அந்தப் புளிப்புதான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நாக்கைக் கழுவி விட்டுவிடும், திகட்டாது.

வாங்கும்போது ‘மாம்சி’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், வகைகளில் இனிப்பு மிகுந்தது அதுதான். பால் சாக்லேட்டும் பாதாமும் சேர்ந்த இனிப்புக்கு அதற்கு ஒரு படி இனிப்புக் குறைந்த ‘புவால்’ போதும். ‘செர்சியல்’ என்று இருந்தால் அது இனிப்பு மிகக் குறைந்த வகை, சாக்லேட் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: போர்ட்டைச் சாக்லேட் கனாஷில் கலந்து விருந்தினருக்குக் கொடுத்தால், ஆல்கஹால் ஆவியாகிவிடும்தானே? குழந்தைகளும் வருவார்கள்.

பதில்: ஆவியாகாது. கனாஷை நாம் கொதிக்க வைப்பதில்லை, சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைக்கிறோம், கடைசியில் ஒயினைச் சேர்க்கிறோம். ஊற்றியதில் பெரும்பகுதி அப்படியே உள்ளே இருக்கும். அரை மணி நேரம் கொதித்த பண்டத்திலேயே மூன்றில் ஒரு பங்குபோல ஆல்கஹால் தங்கிவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுபவர்கள், குடிக்காதவர்கள் யார் வந்தாலும் அவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணம் ஒயின் இல்லாமல் செய்து, வேறு நிறத் தட்டில் வையுங்கள். பரிமாறும்போது வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். இதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை.

கேள்வி: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வைக்கவும் வேண்டும். காற்றோடு பழகி வளர்ந்தது அதிக நாள் தாங்கும், காற்றுப்படாமல் வளர்ந்தது சீக்கிரம் வாடும். விண்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாள். எல்.பி.வி. ஒரு வாரம், ரூபி இரண்டு வாரம். டானியும் பெத்ரோ ஹிமெனெஸும் ஒரு மாதத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். மதீரா மாதக்கணக்கில் அசையாது. எதையும் அறைச் சூட்டில் அப்படியே ஊற்றாதீர்கள், சாராயம்தான் முதலில் மூக்கில் ஏறும். ரூபிக்கு 16 டிகிரி, டானிக்கு 12 முதல் 14, மஸ்கட்டுக்கு 8 முதல் 10. ஒருவருக்கு 60, 70 மில்லி போதும். கிளாஸ் மட்டும் ரொம்பச் சின்னதாக வேண்டாம், மணம் திரள மேலே இடம் வேண்டும்.

கேள்வி: என் அப்பா எனக்காக வாங்கி வைத்த விண்டேஜ் போர்ட் இருபது ஆண்டுக்கு மேலாக அலமாரியில் படுத்திருக்கிறது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளுக்கு நான் செய்யும் மூன்றடுக்குச் சாக்லேட் கேக்கோடு திறக்கலாமா?

பதில்: பிறந்த நாளுக்குத் திறங்கள், கட்டாயம் திறங்கள். கேக்கோடு மட்டும் வேண்டாம்.

விண்டேஜை நல்ல ஆண்டுகளில் மட்டும் செய்வார்கள். அறுவடையான இரண்டு மூன்று ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்துவிடுவதால் மீதி வளர்ச்சியெல்லாம் பாட்டிலுக்குள்தான் நடக்கிறது. இருபது ஆண்டில் துவர்ப்பு தணிந்து, உலர்ந்த ரோஜா, புகையிலை, பழைய மரப்பெட்டி போன்ற மணங்கள் வந்திருக்கும். மூன்றடுக்குக் கேக்கின் கிரீமும் சர்க்கரையும் அவற்றை முழுசாக மூடிவிடும். கேக்குக்குச் சாதாரண எல்.பி.வி. ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேக் முடிந்து, எல்லோரும் தண்ணீர் குடித்து, மேசையைத் துடைத்த பிறகு அப்பாவுடைய பாட்டிலைக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஏதாவது வேண்டுமென்றால் 70 சதவீத சாக்லேட்டில் கட்டைவிரல் நக அளவுத் துண்டு, அதுவும் முதல் கிளாஸை வெறுமனே குடித்த பிறகு.

ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள், படிந்த வண்டல் அடியில் இறங்கட்டும். கார்க் பழசு, ஸ்க்ரூவை நேராக, ஆழமாக ஏற்றி மெதுவாக இழுங்கள், உடைந்தாலும் பதற வேண்டாம், மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். ஜாடியில் ஊற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் வெளிச்சம் இருக்கட்டும். கழுத்தருகே கறுப்புக் கலங்கல் வரும்போது ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்; அடியில் நிற்கும் இரண்டு விரல் அளவு பாட்டிலிலேயே கிடக்கட்டும்.